சோலைமந்தியின் குடற்புழுக்கள்: மரத்தடி எச்சத்திலிருந்து நுண்ணோக்கி வரை

ஆனைமலையில் சோலைமந்தியின் (சிங்கவால் குரங்கின்) எச்சத்தை நுண்ணோக்கியில் வைத்தால் பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது சாட்டைப்புழுவின் முட்டை. எலுமிச்சம்பழம் போல நீண்டு, இரு முனையிலும் கண்ணாடி மூடி வைத்ததுபோல் இருக்கும். அதை அடையாளம் காண அரைமணி நேரப் பயிற்சி போதும். அது குரங்கோடு காலங்காலமாகக் காட்டில் இருந்துவரும் புழுவா, எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பின்னால் இருந்து வந்த மனிதப் புழுவா என்று சொல்வதுதான் கடினம். மற்ற புழுக்களில் மூன்றாவது வாய்ப்பும் உண்டு. குரங்கின் குடலையே பார்க்காமல், எச்சம் தரையில் கிடந்த நேரத்தில் மண்ணிலிருந்து ஏறிக்கொண்ட நுண்புழுவாக இருக்கலாம். குரங்கினுடையதா, மனிதருடையதா, மண்ணினுடையதா என்ற இந்தக் கேள்வியை ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொண்டே வேலை செய்ய வேண்டும்.

வால்பாறைப் பீடபூமியில் மழைக்காடு தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டுதுண்டாக நிற்கிறது. மரத்திலேயே வாழப் பழகிய சோலைமந்தி, புதுத்தோட்டம் போன்ற சிறு துண்டுகளில் தரைக்கு இறங்குகிறது, சாலையைக் கடக்கிறது, குப்பைத் தொட்டியைக் கிளறுகிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வு ஒன்பது காட்டுத் துண்டுகளிலிருந்து 91 எச்ச மாதிரிகளைப் பார்த்தது. அதிகம் கிடைத்தது சாட்டைப்புழு. மனிதக் குடியிருப்பை ஒட்டிய துண்டுகளில் ஒட்டுண்ணி வகைகள் கூடுதலாக இருந்தன. இதே வேலையை நீங்கள் தொடரவோ வேறொரு காட்டில் தொடங்கவோ வேண்டும் என்றால், செய்யவேண்டிய வரிசை கீழே உள்ளது. விலங்கைப் பிடிக்காமல், தொடாமல், எச்சத்தை மட்டும் வைத்துச் செய்யும் முறை இது.

எந்தப் புழுக்களை எதிர்பார்க்கலாம்

பரவும் வழியை வைத்து மூன்றாகப் பிரித்துக்கொள்வது பயன் தரும்.

மண் வழியாக வருபவை முதல் கூட்டம். சாட்டைப்புழுவான ட்ரைக்கூரிஸ், உருளைப்புழுவான ஆஸ்கரிஸ், கொக்கிப்புழு, நூற்புழுவான ஸ்ட்ராங்கிலாய்டிஸ், குடல் சுவரில் முடிச்சு உண்டாக்கும் ஈசோஃபகோஸ்டோமம் ஆகியவை இதில் அடங்கும். சாட்டைப்புழு முட்டை வெளியே வந்த உடனே தொற்றாது. ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரம் கிடந்த பிறகுதான் உள்ளே தொற்றும் நிலை லார்வா, அதாவது இளம்புழு, உருவாகும். ஆகவே குரங்கு தரைக்கு வந்து, அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தால்தான் இந்தப் புழு பெருகும். சிறு காட்டுத் துண்டில் நடப்பது அதுதான்.

இரண்டாவது கூட்டம் பூச்சியோடு வருவது. குரங்கு வண்டையும் வெட்டுக்கிளியையும் தின்னும்போது ஸ்ட்ரெப்டோஃபராகஸ், ஃபைசலோப்டெரா போன்ற புழுக்கள் ஏறும். பெர்டியெல்லா என்ற நாடாப்புழு, மண்ணிலும் மரப்பாசியிலும் வாழும் ஒரு சிறு உண்ணிப்பூச்சி வழியாக வரும். இவை கிடைத்தால் குரங்கு இயல்பாக இரை தேடித் தின்கிறது என்றும் பொருள் கொள்ளலாம்.

மூன்றாவது, உடலிலிருந்து உடலுக்கு நேரே செல்லும் கீரிப்பூச்சி. இதன் முட்டை மலத்தில் அரிதாகத்தான் தெரியும். தாய்ப்புழு குதத்தைச் சுற்றி முட்டை இடுவதே காரணம். எச்சத்தில் இல்லை என்பதால் குரங்குக் கூட்டத்திலும் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

காட்டுக்குப் போகும் முன்

சோலைமந்தி 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. எச்சம் மட்டும் எடுப்பதானாலும் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி கையில் இருக்க வேண்டும். மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப நினைத்தால் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் அனுமதியும் சேரும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால் திட்டத்தின் முதல் நாளிலேயே விண்ணப்பியுங்கள்.

உங்கள் உடம்பையும் சோதித்துக்கொள்ளுங்கள். குழுவில் எல்லோரும் மலப் பரிசோதனை செய்து, புழு இருந்தால் மருந்து சாப்பிட்ட பிறகே காட்டுக்குள் நுழைய வேண்டும். சளி, காய்ச்சல் உள்ளவர் அன்றைக்குப் போகக் கூடாது. குரங்கிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள், முகக்கவசம் அணியுங்கள். காட்டுக்குள் மலம் கழிக்க நேர்ந்தால் ஓடையை விட்டு விலகி ஒரு முழ ஆழம் தோண்டிப் புதையுங்கள். மனிதப் புழு குரங்குக்குப் போகிறதா என்று பார்க்கப் போய் நாமே அதைக் கொண்டு சேர்ப்பதைவிட வேதனையானது எதுவும் இல்லை.

ஆபத்து எதிர்த்திசையிலும் வரும். கொக்கிப்புழு, நூற்புழு இரண்டின் லார்வாவும் தோலைத் துளைத்து நுழையும். மேற்குத் தொடர்ச்சி மலையின் சில பகுதிகளில் உண்ணி வழியாகக் கியாசனூர் காட்டுக் காய்ச்சல் வருகிறது. 1957இல் கர்நாடகத்தில் கண்டறியப்பட்ட அந்த நோயில் குரங்குகளும் செத்து விழும். இறந்த குரங்கைக் கண்டால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை: கையுறை, மர ஐஸ் குச்சிகள், மூடி இறுகும் 15 மி.லி. டியூப்கள், 0.1 கிராம் வரை காட்டும் சிறு எடைக்கருவி, ஜிபிஎஸ், பென்சில், நீர் படாத தாள். டியூப் மீது மார்க்கரால் எழுதினால் ஆல்கஹால் பட்டதும் அழிந்துவிடும். பென்சிலால் எழுதிய சிறு சீட்டு ஒன்றை உள்ளேயும் போடுங்கள். கூடவே ஆனைமலைப் பழங்குடியினரான காடர் சமூகத்தைச் சேர்ந்த வனக்காவலர் ஒருவர் வந்தால் குரங்குக் கூட்டம் எந்த மரத்தில் தூங்கியது என்று தேடுவதிலேயே பாதி நாள் போகாது, யானை நிற்கும் பக்கமும் முன்கூட்டியே தெரியும்.

மரத்தடியில் முதல் கால் மணி நேரம்

இந்த ஆய்வு பிழைப்பதும் கெடுவதும் இங்கேதான். ஆய்வகத்தில் எவ்வளவு கவனமாக வேலை செய்தாலும், மூன்று மணி நேரம் தரையில் கிடந்த எச்சத்தைச் சரிசெய்ய முடியாது.

முந்தின நாள் மாலை கூட்டம் எந்த மரத்தில் அடைந்தது என்று பார்த்து வையுங்கள். மறுநாள் வெளிச்சம் வரும் முன்பே அந்த மரத்தடிக்குச் சற்றுத் தள்ளி இருங்கள். எழுந்ததும் நகரத் தொடங்குவதற்குள் பல குரங்குகள் மலம் கழித்துவிடும். எந்தக் குரங்கு, ஆணா பெண்ணா, வளர்ந்ததா குட்டியா என்பதைப் பார்த்த பிறகுதான் எச்சத்தை நோக்கி நடக்க வேண்டும். யாருடையது என்று தெரியாததை எடுத்தால், ஒரே குரங்கை நான்கு முறை எண்ணிவிட்டு நான்கு குரங்குக்குத் தொற்று என்று எழுத நேரும். தனித்தனி அடையாளம் தெரியாத கூட்டம் என்றால், ஒரே நேரத்தில் வெவ்வேறு கிளைகளிலிருந்து விழுந்தவற்றை மட்டும் எடுத்தால் அவை வெவ்வேறு குரங்குகள் என்பது உறுதி.

எச்சம் விழுந்து 15 நிமிடத்துக்குள் எடுத்துவிடுங்கள். அதற்குள் ஈயும் சாணவண்டும் வந்துவிடும். மழைக்காட்டு மண்ணில் தானாக வாழும் நுண்புழுக்கள் ஏராளம், அவை சில மணி நேரத்தில் எச்சத்துக்குள் புகுந்து முட்டையிடும். இன்னொரு பக்கம், நூற்புழு முட்டைக்குள் லார்வா ஏற்கெனவே தயாராக இருப்பதால் வெப்பத்தில் சில மணி நேரத்திலேயே பொரித்துவிடும். கொக்கிப்புழு முட்டை ஒன்றிரண்டு நாளில் பொரிக்கும். ஆக, பழைய எச்சத்தில் லார்வா தெரிந்தால் அது குரங்கின் புழுவா மண்ணின் புழுவா என்று பிரிக்கவே முடியாமல் போகும்.

இலை மீது விழுந்ததே சிறந்தது. தரையில் விழுந்திருந்தால் மண்ணைத் தொட்ட அடிப்பகுதியை விட்டுவிட்டு, நடுவிலிருந்து ஐஸ் குச்சியால் 3 முதல் 5 கிராம் எடுங்கள். ஒரு குச்சி ஒரு எச்சத்துக்கு மட்டும். எடுக்கும் முன் கண்ணால் பாருங்கள்: நிறம், இறுக்கம், ரத்தம், சளி, அரிசி போல வெள்ளைத் துண்டுகள். வெள்ளைத் துண்டு நாடாப்புழுவின் கணுவாக இருக்கலாம், தனி டியூபில் 70% எத்தனாலில் போடுங்கள். செரிக்காமல் முழு இலை வந்திருந்தால் பிரித்துப் பாருங்கள். தான்சானியாவின் மஹாலே மலைகளில் சிம்பன்சிகள் சொரசொரப்பான இலைகளை மெல்லாமல் மடித்து விழுங்கும். வெளிவரும் அந்த இலைகளோடு ஈசோஃபகோஸ்டோமம் புழுக்களும் வந்திருப்பதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள்.

பலர் விட்டுவிடும் ஒரு படியையும் சேர்த்துச் செய்யுங்கள். எச்சம் கிடந்த இடத்துக்கு ஒரு மீட்டர் தள்ளி ஒரு கரண்டி மண்ணை எடுத்து, அதையும் ஒரு மாதிரியாகவே ஆய்வகத்தில் பாருங்கள். நாளைக்கு ஸ்லைடில் விசித்திரமான ஒரு புழுவைக் கண்டால், அந்த மண்ணிலும் அது இருக்கிறதா என்று பார்க்கலாம்.

ஒரு எச்சம், மூன்று டியூப்

முதல் டியூபில் 10% ஃபார்மலின். கடையில் கிடைக்கும் 37 முதல் 40% ஃபார்மால்டிஹைடு ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு சேர்த்தால் இது கிடைக்கும். பாட்டிலில் 40% என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு நான்கு மடங்கு மட்டும் நீர்க்கச் செய்யும் தவறு அடிக்கடி நடக்கிறது. 10 மி.லி. ஃபார்மலினை ஊற்றி, டியூபை எடைபோட்டு எழுதிக்கொள்ளுங்கள். எச்சம் 3 கிராம் அளவு போட்டு, குச்சியால் நன்றாக உடைத்துக் கலக்கி, மறுபடி எடைபோடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே எச்சத்தின் எடை. இதைக் காட்டிலேயே குறிக்காவிட்டால் பிறகு ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்று கணக்கிட வழியே இல்லை. கட்டியாக விட்டால் நடுப்பகுதிக்கு ஃபார்மலின் போகாமல் முட்டை வளர்ந்துகொண்டே இருக்கும். நன்றாகக் கலக்கினாலும் ஆஸ்கரிஸ் முட்டை ஓட்டின் தடிமனால் ஃபார்மலினிலும் நாட்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடும். ஃபார்மலின் டியூபையும் கையுறை போட்டே திறக்க வேண்டும்.

இரண்டாவது டியூபில் 96% எத்தனால், எச்சத்தின் அளவைப்போல் நான்கைந்து மடங்கு. டிஎன்ஏவுக்கு இதுதான். ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும் என்பதால் ஒன்றை மற்றொன்றுக்குப் பதிலாக வைக்க முடியாது.

மூன்றாவதில் எதுவும் ஊற்றாத புதிய எச்சம், லார்வா வளர்ப்பதற்காக. இதை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் நூற்புழுவும் கொக்கிப்புழுவும் செத்துப்போகும். நிழலில், காற்றுப் போகும்படி மூடியைத் தளர்த்தி வைத்து அன்றைக்கே வளர்ப்பைத் தொடங்குங்கள்.

மிதக்க வைத்தல்

புழு முட்டை தண்ணீரைவிடச் சற்றே கனமானது. அதைவிடக் கனமான கரைசலில் போட்டால் முட்டை மேலே வரும், குப்பை கீழே தங்கும். கரைசலின் அடர்த்தியைப் பொறுத்துத்தான் எது மேலே வரும் என்பது தீர்மானமாகும். கொக்கிப்புழு முட்டையின் அடர்த்தி ஏறத்தாழ 1.06, சாட்டைப்புழு 1.15, ஃபைசலோப்டெரா 1.24. உப்புக் கரைசல் அதிகபட்சம் 1.20தான் எட்டும். உப்பை மட்டும் நம்பினால் பூச்சி வழியாக வரும் புழுக்களில் ஒரு பகுதி உங்கள் ஆய்வில் இல்லாமலே போய்விடும்.

உப்பு: ஒரு லிட்டர் வெந்நீரில் 360 கிராம் அளவு, அடியில் கொஞ்சம் கரையாமல் நிற்கும் வரை. மலிவு, ஆனால் 20 நிமிடத்தில் படிகம் கட்டும், நூற்புழு முட்டை நசுங்கும்.

துத்தநாக சல்ஃபேட்: ஒரு லிட்டருக்கு 370 கிராம் அளவில் தொடங்கி, அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரில் 1.18 வரும்வரை சரிசெய்யுங்கள். ஃபார்மலினில் இருந்த மாதிரிக்கு 1.20 வேண்டும். மென்மையான ஓடுள்ள முட்டைக்கு இதுவே நல்லது.

சர்க்கரை: 355 மி.லி. தண்ணீரில் 454 கிராம் சர்க்கரையை மிதமான சூட்டில் கரைத்து, ஆறியதும் பூஞ்சை பிடிக்காமல் இருக்க 6 மி.லி. ஃபார்மலின். அடர்த்தி 1.25 முதல் 1.27. கனமான முட்டைக்கு ஏற்றது. கை எல்லாம் பிசுக்கும், எறும்பு வரும். ஆனாலும் குரங்கு ஆய்வுக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் இதையே எடுங்கள்.

எந்தக் கரைசலானாலும் பயன்படுத்தும் நாளில் ஹைட்ரோமீட்டரை முக்கிப் பாருங்கள். திறந்து வைத்த கரைசல் நீர் வற்றிக் கனக்கும், மழைக்கால ஈரத்தில் சில உப்புகள் நீரை உறிஞ்சி நீர்க்கும். முட்டையே கிடைக்கவில்லை என்று வருகிறவர்களின் கரைசலை அளந்தால் பல நேரம் 1.10தான் இருக்கும்.

இனி செய்முறை. 2 கிராம் எச்சத்தை 10 மி.லி. தண்ணீரில் கரைத்து, டீ வடிகட்டியிலோ இரண்டு மடிப்பு காஸ் துணியிலோ வடிகட்டுங்கள். அத்தி விதையும் வண்டின் கால்களும் நிறைய வரும், அழுத்திப் பிழியாதீர்கள். வடிகட்டியதை 15 மி.லி. டியூபில் ஊற்றி, சுழற்றிப் பிரிக்கும் கருவியான சென்ட்ரிஃபியூஜில் 500 மடங்கு ஈர்ப்பு விசையில் 5 நிமிடம் சுழற்றுங்கள். கருவியின் மையத்திலிருந்து டியூபின் அடிவரை 15 செ.மீ. என்றால் நிமிடத்துக்கு 1,730 சுற்று, 10 செ.மீ. என்றால் 2,100 சுற்று. பிறர் எழுதிய சுற்று எண்ணை அப்படியே எடுக்காதீர்கள், கருவிக்குக் கருவி விசை மாறும். மேல் நீரைக் கொட்டிவிட்டு, தெளியும்வரை இன்னொரு முறை கழுவுங்கள். ஃபார்மலின் மாதிரிக்கு இந்தக் கழுவல் கட்டாயம்.

அடியில் நிற்பதோடு கரைசலைப் பாதி ஊற்றிக் கலக்கி, பிறகு டியூபின் விளிம்புக்கு மேல் லேசாகக் குவியும்வரை சொட்டுச்சொட்டாக நிரப்புங்கள். கவர் ஸ்லிப்பை மெல்ல வைத்து 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். நேராக மேலே தூக்கி ஸ்லைடில் வையுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் ஒட்டியிருந்த முட்டை டியூபிலேயே நின்றுவிடும்.

ஸ்லைடு முழுவதையும் 10 மடங்கு லென்ஸில் வரிசை வரிசையாகப் பாருங்கள், சந்தேகப்பட்டதை 40 மடங்கில் அளவெடுங்கள். அளவெடுக்காமல் பெயர் எழுதக் கூடாது. கண்வில்லையில் உள்ள அளவுகோலை முதலில் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். ஒரு கோடு 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உள்ள ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் என்ற அளவுகோல் ஸ்லைடின் 10 கோடுகளும் கண்வில்லையின் 40 கோடுகளும் ஒன்றாகப் பொருந்தினால், கண்வில்லையின் ஒரு கோடு 2.5 மைக்ரான். ஒவ்வொரு லென்ஸுக்கும் தனியாக இதைச் செய்து நுண்ணோக்கியிலேயே ஒட்டி வையுங்கள்.

படிய வைத்தல்

தட்டைப்புழு முட்டையும் சில கனமான முட்டைகளும் எதிலும் மிதக்காது. ஃபார்மலினில் இருந்த மாதிரியை வடிகட்டி 10 மி.லி. எடுத்து, 3 மி.லி. எத்தில் அசிட்டேட் சேர்த்து, மூடி இறுக்கி அரை நிமிடம் வேகமாகக் குலுக்குங்கள். மூடியை மெல்லத் திறந்து காற்றை விட்டுவிட்டு 500 மடங்கு விசையில் 3 நிமிடம் சுழற்றினால் நான்கு அடுக்காகப் பிரியும். இரண்டாவதாக நிற்கும் குப்பை வளையத்தைக் குச்சியால் ஓரத்திலிருந்து விடுவித்து மேல் மூன்றையும் கொட்டுங்கள். அடியில் உள்ளதில் ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். எத்தில் அசிட்டேட் எளிதில் தீப்பிடிக்கும், அருகில் அடுப்பு கூடாது.

எண்ணுதல்

முட்டை எண்ணக் கோடு போட்ட இரண்டு அறைகள் உள்ள மெக்மாஸ்டர் ஸ்லைடுக்கு 2 கிராம் எச்சம், 28 மி.லி. மிதவைக் கரைசல். கலக்கி வடிகட்டி இரண்டு அறைகளையும் நிரப்பி, 5 நிமிடம் விட்டு, கோடுகளுக்குள் உள்ள முட்டைகளை எண்ணி 50ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கான எண். இரண்டு அறைகளும் சேர்ந்து 0.3 மி.லி., அதற்குள் இருப்பது 0.02 கிராம் எச்சம், அதனால்தான் 50. ஒரு முட்டைகூடத் தெரியாவிட்டாலும் ஒரு கிராமில் 40 முட்டை இருக்க வாய்ப்புண்டு. காட்டுக் குரங்குகளில் எண்ணிக்கை பெரும்பாலும் குறைவாக இருப்பதால், 5ஆல் பெருக்கினால் போதும் என்ற மினி ஃப்ளோடாக் எண்ணும் கருவி கிடைத்தால் அதை வாங்குங்கள்.

முட்டையின் முகங்கள்

சாட்டைப்புழு: 50 முதல் 55 மைக்ரான் நீளம், 22 முதல் 25 அகலம், பழுப்பு, இரு முனையிலும் நிறமற்ற மூடி. ஆஸ்கரிஸ்: 45 முதல் 75 மைக்ரான், முண்டும் முடிச்சுமான தடித்த மேலோடு. நூற்புழு ஸ்ட்ராங்கிலாய்டிஸ் ஃபுல்லபோர்னி: 50 மைக்ரான் அளவு, மெல்லிய ஓடு, உள்ளே சுருண்ட லார்வா. மனிதருக்கு வரும் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் ஸ்டெர்கோராலிஸ் முட்டையாக வராமல் லார்வாவாகவே மலத்தில் வரும். புதிய எச்சத்தில் முட்டையா லார்வாவா என்பதே ஒரு தடயம், எச்சம் புதியதாக இருந்தால் மட்டும். பெர்டியெல்லா முட்டைக்குள் பேரிக்காய் வடிவக் கூடு ஒன்றும் ஆறு சிறு கொக்கிகளும் தெரியும்.

கொக்கிப்புழுவும் ஈசோஃபகோஸ்டோமமும் மட்டும் முட்டையில் பிரியாது. இரண்டுமே 60 முதல் 80 மைக்ரான், மெல்லிய ஓடு, உள்ளே பிளவுபடும் செல்கள். இதைப் பார்த்துவிட்டுக் கொக்கிப்புழு என்று எழுதிய அட்டவணைகள் ஏராளம். லார்வா வளர்க்கும்வரை இரண்டுக்கும் பொதுவான குழுப்பெயரால் ஸ்ட்ராங்கைல் வகை முட்டை என்று மட்டும் எழுதுங்கள்.

ஏமாற்றும் உருவங்களும் வரும். காற்றுக் குமிழி முழு வட்டமாகக் கறுத்த விளிம்போடு இருக்கும். மகரந்தத்தில் ஓட்டின் மேல் ஒழுங்கான குழிகள் தெரியும். உண்ணிப்பூச்சி முட்டை 100 மைக்ரானுக்கு மேல், பெரும்பாலும் உள்ளே கால்கள் தெரியும். வண்டின் குடலில் வாழும் புழுவின் முட்டை, குரங்கு அந்த வண்டைத் தின்றதால் அப்படியே வெளிவந்திருக்கலாம். ஒரே ஒரு எச்சத்தில், ஒரே ஒரு முட்டை, ஒரே ஒரு நாள் மட்டும் தெரிந்தால் அதைக் குரங்கின் புழுப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

லார்வா வளர்த்தல்

15 மி.லி. டியூபின் அளவுக்கு வடிதாளைப் பட்டையாக வெட்டி, நடுப்பகுதியில் அரை கிராம் புதிய எச்சத்தை மெல்லியதாகத் தடவுங்கள். டியூபில் 3 மி.லி. தண்ணீர். தாளின் அடிமுனை நீரில் தொட வேண்டும், எச்சம் நீருக்கு மேலே இருக்க வேண்டும். 24 முதல் 28 டிகிரி செல்சியஸில் 7 முதல் 10 நாள். லார்வாக்கள் நீருக்கு இறங்கும். தினமும் நீர் மட்டத்தைப் பார்த்து ஓரமாக ஊற்றுங்கள். தாள் காய்ந்தால் எல்லாம் சாகும், எச்சம் நனைந்தால் பூஞ்சை பிடித்து அழுகும்.

சொட்டு எடுத்து ஒரு துளி அயோடின் விட்டால் லார்வா அசையாமல் நிற்கும். நூற்புழுவின் தொற்று லார்வாவுக்கு உறை இல்லை, உணவுக்குழல் உடம்பின் பாதி நீளம், வால் நுனி வெட்டுப்பட்டதுபோல் இருக்கும். கொக்கிப்புழு லார்வாவுக்கு உறை உண்டு, உணவுக்குழல் உடம்பில் கால் பங்கு. ஈசோஃபகோஸ்டோமத்தின் உறை சாட்டைபோல நீண்ட வாலாக முடியும், குடல் செல்கள் வளைந்து வளைந்து அடுக்கியதுபோல் தெரியும். வளர்ந்த ஆண்களும் பெண்களும் எல்லா வயதுக் குஞ்சுகளும் கலந்து கிடந்தால் மண்ணின் புழுவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் நூற்புழுவுக்கும் தனித்து வாழும் ஒரு தலைமுறை உண்டு. தொற்று லார்வா இருக்கிறதா என்று தேடாமல் ஒதுக்கிவிடாதீர்கள். பத்தாம் நாள் டியூப் என்பது தோலைத் துளைக்கக் காத்திருக்கும் நூற்றுக்கணக்கான லார்வா. வெந்நீர் ஊற்றிக் கொன்ற பிறகே கழுவுங்கள்.

மனிதருடையதா என்ற கேள்வி

வடிவம் இங்கே உதவாது, டிஎன்ஏதான் வேண்டும். ஆப்பிரிக்காவில் இதற்கு இரண்டு பாடங்கள் உண்டு. டோகோ, கானா நாடுகளின் வடக்கில் ஈசோஃபகோஸ்டோமம் பைஃபர்கம் மனிதருக்கும் குரங்குக்கும் உண்டு, பார்வைக்கு ஒன்றே. டிஎன்ஏ பார்த்தபோது இரண்டும் வெவ்வேறு மரபுக் குழுக்களாகப் பிரிந்தன. உகாண்டாவின் கிபாலேயில் சாட்டைப்புழுவைப் பார்த்தபோது, சில மரபுக் குழுக்கள் குறிப்பிட்ட குரங்குகளோடு நின்றன, ஒன்று மனிதரிலும் குரங்குகளிலும் இருந்தது. ஆகவே ஆனைமலையில் சாட்டைப்புழு கிடைத்ததை வைத்து மனிதர் கொடுத்தார்கள் என்று நேராக எழுத முடியாது.

எத்தனால் டியூபிலிருந்து இனத்துக்கு இனம் வேறுபடும் ஐடிஎஸ் என்ற ரைபோசோம் டிஎன்ஏ பகுதியைப் படியெடுத்து அதன் எழுத்து வரிசையைப் பார்க்க வேண்டும். முட்டை ஓடு கடினம் என்பதால், சிறு மணிகளோடு குலுக்கி உடைத்த பிறகே டிஎன்ஏ பிரிக்க வேண்டும். இதை விட்டால் முட்டை நிறைய இருந்தும் சோதனையில் புழு இல்லை என்று வரும். ஒப்பிட அதே எஸ்டேட் மக்களின், மாடுகளின் மாதிரியும் தேவை. மக்களிடம் எழுத்துப்பூர்வ சம்மதமும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வாங்குங்கள். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேசிய குடற்புழு நீக்க நாட்களுக்குப் பிறகு குழந்தைகளிடம் எடுத்தால் பாதிப் புழு போயிருக்கும், அதற்கு முன் எடுங்கள்.

எண்களைப் படிப்பது

புழு தினமும் ஒரே அளவில் முட்டை இடாது. ஒரு குரங்குக்கு வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரி வேண்டும். 30 குரங்குகளைப் பார்த்து ஒன்றிலும் இல்லை என்றால் கூட்டத்தில் இல்லை என்று பொருளல்ல. இதற்கு ஒரு தோராய விதி உண்டு: 3ஐ, பார்த்த எண்ணிக்கையான 30ஆல் வகுத்தால் 10%, அதாவது பத்தில் ஒன்றுக்கு இருந்தாலும் இப்படித் தவறவிட வாய்ப்புண்டு.

சராசரியை நம்பாதீர்கள். ஒன்பது குரங்குகளுக்குக் கிராமுக்கு 50, ஒன்றுக்கு 2,000 என்றால் சராசரி 245. அந்த எண் எந்தக் குரங்கையும் குறிக்காது. புழுச்சுமை சில விலங்குகளிலேயே குவியும் என்பதால் இது விதிவிலக்கல்ல, வழக்கம். நடுமதிப்பையும் அதிகபட்சத்தையும் சேர்த்துக் கொடுங்கள். முட்டை எண்ணிக்கையைப் புழு எண்ணிக்கையாக மொழிபெயர்க்காதீர்கள். தென்மேற்குப் பருவத்தில் பழம் தின்று இளகிய மலத்தில் முட்டை நீர்த்துத் தெரியும், வேனிலில் இறுகிய மலத்தில் செறிந்து தெரியும். இரண்டு காட்டுத் துண்டுகளை ஒப்பிட்டால் ஒரே மாதத்தில், ஒரே முறையில், ஒரே கரைசலில் பாருங்கள்.

மருந்து கொடுக்கலாமா

காட்டில் திரியும் குரங்குக்குப் பழத்தில் மாத்திரை வைத்துக் கொடுப்பதை எதிர்க்கிறோம். கூட்டத்தில் வலுவானதே எல்லாவற்றையும் தின்னும், குட்டியும் நோயாளியும் பார்த்துக்கொண்டிருக்கும். எடைக்கு ஏற்ற அளவு கொடுக்க முடியாது. குறைந்த அளவு மருந்து, அதைத் தாங்கும் புழுவை வளர்க்கும். மனிதரிடத்திலேயே ஒரே தடவை கொடுக்கும் அல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்து சாட்டைப்புழுவைச் சரியாக நீக்குவதில்லை. தீனி வைத்த இடத்தில் கூட்டம் கூடி அங்கேயே மலம் கழிப்பதால் தொற்று கூடும். மண்ணில் முட்டை இருக்கும்வரை சில வாரத்தில் மறுபடி தொற்றும். காட்டுக்குள்ளேயே வாழும் கூட்டத்தில் சில புழுக்கள் இருப்பது இயல்பு, அதை நோயாக எண்ணி விரட்ட வேண்டியதில்லை.

மாற்ற வேண்டியது தரையை. லைன் வீடுகளில் தண்ணீர் வரும் கழிப்பறை, குரங்கு திறக்க முடியாத குப்பைத் தொட்டி, காட்டு ஓரத்தில் மாடு மேயாத ஒரு பட்டை, சுற்றுலாப் பயணிகள் தீனி போடாமல் தடுக்கும் காவலர், சாலைக்கு மேல் கிளைக்குக் கிளை போக உதவும் தொங்குபாலங்கள். வால்பாறையில் சாலைகளுக்கு மேல் அப்படிப்பட்ட பாலங்கள் கட்டப்பட்டுள்ளன, சோலைமந்திகள் அவற்றில் நடக்கின்றன.

கழிப்பறை கட்டி முடித்த மறுநாளே மாதிரி எடுக்கப் போகாதீர்கள். மண்ணில் கிடக்கும் சாட்டைப்புழு முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், குரங்குக்குள் இருக்கும் புழுவும் நீண்ட காலம் வாழும். ஒரு வருடம் கழித்து, அதே கூட்டத்தில், அதே மாதத்தில், முதல் முறை எடுத்த அதே குரங்குகளில் எடுங்கள். இடையில் பிறந்த குட்டிகளைத் தனியாகக் குறியுங்கள். பழைய மண்ணில் தொற்றிய புழுவைச் சுமக்காதவை அவைதாம், தரை மாறியிருந்தால் முதலில் தெரிவது அவற்றின் எச்சத்தில்தான்.